விரிசலுக்கும் வயது உண்டு: நுண்ணோக்கிக்கு அடியில் கான்கிரீட்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் த்ருவா-ரிவியேர் என்று ஒரு நகரம். அங்கேயும் சுற்றுவட்டாரத்திலும் 1990களின் நடுவிலிருந்து 2008 வரை கட்டிய வீடுகள் பலவற்றில், குடிவந்து நாலைந்து வருடம் ஆவதற்குள் அஸ்திவாரச் சுவர்கள் வெடிக்க ஆரம்பித்தன. அந்தக் குளிர்தேசத்தில் வீட்டுக்கு அடியில் நிலவறை வைத்துக் கட்டுவது வழக்கம். நிலவறையின் கான்கிரீட் சுவர்மேல்தான் மரவீடு முழுவதும் உட்கார்ந்திருக்கும். அந்தச் சுவரில் முதலில் மயிரிழைக் கீறல்கள் வந்தன. அப்புறம் மூலைகளில் விரல் நுழையும் பிளவுகள், ஓரங்களில் வெள்ளைப் பொடி, ஆங்காங்கே துருக்கறை. துருவைப் பார்த்ததும் கம்பியைத்தான் சந்தேகிப்போம். ஆனால் இந்த மாதிரி வீட்டுச் சுவர்களில் கம்பி மிகக் குறைவு. துருப்பிடித்தது கம்பியல்ல, ஜல்லி.

ஜல்லிக்குள் பைரோடைட் என்ற கனிமம் இருந்தது. இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. ஈரமும் காற்றும் பட்டால் இரும்பு துருவாகிறது, கந்தகம் அமிலமாகிறது. அந்த அமிலம் சுற்றியிருக்கும் சிமெண்டோடு சேர்ந்து ஜிப்சம் போன்ற சல்பேட்டுகளை உண்டாக்குகிறது. துருவும் சல்பேட்டும் பழைய பொருளைவிட அதிக இடம் கேட்பவை. உள்ளே இடமில்லாததால் சுவர் விரிந்து பிளந்தது. நூற்றுக்கணக்கான வீடுகளை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் புது அஸ்திவாரம் போட வேண்டியதாயிற்று. சாலை உயர்ந்து வீடு பள்ளமாகிப்போன சென்னைத் தெருக்களில் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குவதை நாமும் பார்த்திருக்கிறோம். அங்கே தூக்கிய காரணம்தான் வேறு.

சுவரை வெளியிலிருந்து பார்த்து இதைச் சொல்லியிருக்க முடியாது. வறண்ட ஏரிப்படுகை போலக் கட்டம் கட்டமாக விரிசல் விட்ட கான்கிரீட்டுக்குப் பின்னால் அரை டஜன் காரணங்கள் இருக்கலாம். வெயிலில் வேகமாகக் காய்ந்திருக்கலாம், ஜல்லியும் சிமெண்டும் சண்டை போட்டிருக்கலாம், ஆரம்பத்தில் அதிகமாகச் சூடேறியிருக்கலாம், குளிர்நாட்டில் உள்ளே தண்ணீர் உறைந்திருக்கலாம். நம் ஊரில் இப்படி ஒன்று நடந்தால் வீட்டுக்காரர் கொத்தனாரைச் சொல்வார், கொத்தனார் சிமெண்டைச் சொல்வார், சிமெண்ட் விற்றவர் தண்ணீரைச் சொல்வார். கடைசியில் மேலே ஒரு பூச்சைப் பூசி விஷயத்தை முடிப்பார்கள். அடுத்த மழைக்காலத்தில் அதே இடத்தில் கீறல் திரும்ப வரும்.

கான்கிரீட்டிலிருந்து உருளையாக ஒரு துண்டை, அதாவது கோர், எடுத்து நசுக்கிப் பார்க்கும் சோதனையும் இங்கே கைகொடுக்காது. அது தருவது ஓர் எண். அந்த எண் குறைவாக இருந்தால் கான்கிரீட் பலவீனம் என்று தெரியும், ஏன் என்று தெரியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஜல்லி-சிமெண்ட் வினையால் உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருக்கும் கான்கிரீட், நசுக்கும்போது ஓரளவு நல்ல எண்ணையே காட்டிவிடக்கூடும். இழுவிசையைத் தாங்கும் திறனும் விறைப்பும்தான் அதில் முதலில் போகின்றன.

ஆகவே சீவிப் பார்க்கிறார்கள். வழி புவியியலாளர்களுடையது. ஹென்றி கிளிஃப்டன் சோர்பி என்ற ஆங்கிலேயர் 1849 வாக்கிலேயே கல்லை ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். கான்கிரீட்டும் மனிதன் வார்த்த கல்தானே. 1880களில் பிரான்சின் லெ ஷாத்தலியே சிமெண்ட் சூளையிலிருந்து வந்த கிளிங்கரை, அதாவது சிமெண்டாக அரைப்பதற்கு முந்தைய கட்டியை, இப்படித் தேய்த்துப் பார்த்தார். 1897இல் ஸ்வீடனின் தோர்னெபோம் அதற்குள் தெரிந்த படிகங்களுக்கு அலைட், பெலைட் என்று பெயர் வைத்தார். அவற்றின் வேதியியல் முழுதாகத் தெரியவருவதற்கு முன்பே வந்த பெயர்கள், இன்றைக்கும் சிமெண்ட் ஆலைகளில் புழங்குகின்றன. இந்தத் துறைக்குப் பெட்ரோகிராஃபி என்று பெயர். கான்கிரீட்டுக்கு இதைச் செய்கிறவர் சிவில் என்ஜினீயராக இருப்பதைவிட, கல் படித்த புவியியலாளராக இருப்பதே அதிகம்.

செய்முறை பொறுமை கேட்கும் வேலை. முதலில் வைரப் பல் வைத்த துளைப்பானால் உருளையாக ஒரு கோர் எடுக்கிறார்கள். அதை நீளவாக்கில் அறுத்து, ஒரு பாதியைக் கண்ணாடி போல மெருகேற்றிக் குறைந்த உருப்பெருக்கத்தில் பார்க்கிறார்கள். ஜல்லி எப்படிப் பரவியிருக்கிறது, காற்றுக்குமிழி எவ்வளவு, விரிசல் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்பதெல்லாம் இதிலேயே தெரிந்துவிடும். புதிதாக உடைத்த முகத்தில் பினாப்தலீன் தெளித்தால் காரத்தன்மை உள்ள இடம் ரோஜா நிறமாகும். காற்றிலுள்ள கரியமில வாயு புகுந்து காரம் இறங்கிய இடம் நிறம் மாறாமல் அப்படியே நிற்கும். காரம்தான் கம்பியைத் துருவிலிருந்து காப்பது. அந்தப் பாதுகாப்பு எவ்வளவு ஆழம்வரை இழந்துபோயிற்று என்பதற்கு இது சுலபமான கணக்கு.

அடுத்து மெல்லிய சீவல். ஒரு சின்னத் துண்டை வெற்றிடத்தில் வைத்து, ஒளிரும் சாயம் கலந்த எபாக்சி பிசினை உள்ளே இழுக்கவிடுகிறார்கள். பிசின் இறுகியதும் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்க்கிறார்கள். நம் தலைமுடியைவிட மெல்லியது. பாக்குச் சீவலில் வெள்ளை வரியும் பழுப்பு வரியும் தெரிவதுபோல, இந்தச் சீவலின் வழியே ஒளி பாய்ந்து ஒவ்வொரு கனிமமும் தன் நிறத்தைக் காட்டும். சாயப் பிசின் எதற்கென்றால், தேய்க்கும்போதே நாம் புது விரிசல்களை உண்டாக்கிவிடுவோம். பிசின் நிறைந்திருக்கும் விரிசல் முன்பே இருந்தது, பிசின் இல்லாத விரிசல் நம் கைவண்ணம். இந்த முன்னெச்சரிக்கை இல்லாமல் பார்த்துவிட்டு, ஆய்வகத்தில் உண்டான விரிசலுக்குக் கட்டுமானத்தின்மேல் பழி போட்டால் அறிக்கை முழுவதும் வீண்.

சீவல் கையில் வந்துவிட்டால் சொல்லக்கூடியவை நிறைய. ஊற்றும்போது எவ்வளவு தண்ணீர் கலந்தார்கள் என்பதை வருடங்கள் கழித்தும் மதிப்பிடலாம். தண்ணீர் கூடினால், ஜல்லியைச் சுற்றி இறுகிய சிமெண்ட் பாகில் நுண்துளைகள் கூடும், துளைகள் கூடினால் சாயப் பிசின் அதிகம் ஏறும், பிசின் ஏறினால் சீவல் பிரகாசமாக ஒளிரும். தண்ணீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள எடை விகிதம் தெரிந்த மாதிரிச் சீவல்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் 0.40 எங்கே, 0.60 எங்கே என்று பழகிய கண்ணுக்குத் தெரியும். தளம் போட்ட கொத்தனார் கரணை நன்றாக ஓடட்டும் என்று மேலே தண்ணீர் தெளித்துத் தேய்த்திருந்தால், மேல் சில மில்லிமீட்டர் மட்டும் பளிச்சென்று ஒளிரும். தரை வருடக்கணக்கில் பொடி உதிர்வதற்குக் காரணம் அங்கே தெரிந்துவிடும். லாரி வந்தபின் தண்ணீர் ஊற்றிக் கிளறினாலும், பாகில் வெளிர் திட்டும் கருந்திட்டுமாக அந்தக் கலப்படம் நின்றுவிடுகிறது. சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டா, வெறும் ஓ.பி.சி.யா என்ற சந்தேகத்தைத் தீர்ப்பது இன்னும் சுலபம். அனல்மின் நிலையச் சாம்பல் கண்ணாடிக் கோலிகுண்டுகளாகத் தெரியும். குண்டு இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான்.

ஆனால் என்னைக் கேட்டால், இந்தத் தொழிலின் உண்மையான பலம் வரிசையைப் படிப்பதில் இருக்கிறது. உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலை வேறு கருவிகளும் தரும். எது முதலில் வந்தது, எது அதன்பின் வந்தது என்பதைச் சொல்ல, அவை இருக்கும் இடத்திலேயே வைத்துப் பார்த்தாக வேண்டும்.

கடலை மிட்டாய் செய்யும் வீட்டில் இதைப் பார்த்திருப்பீர்கள். பாகு சூடாக இருக்கும்போது மிட்டாயைப் பிய்த்தால் பிளவு கடலையைச் சுற்றிக்கொண்டு போகும். கடலை உடையாது, ஏனென்றால் அப்போது பாகு அதைவிட இளகல். நன்றாக ஆறி இறுகியபின் உடைத்தால் கடலையையும் வெட்டிக்கொண்டு நேராகப் போகும். கான்கிரீட்டும் அப்படித்தான். ஊற்றிய முதல் சில மணிநேரத்தில், வெயிலும் காற்றும் மேல்தண்ணீரை உறிஞ்சி உண்டாக்கும் விரிசல், ஜல்லியைச் சுற்றி வளைந்து வளைந்து போகும். பல மாதம் கழித்துச் சுமையால் வந்த விரிசல் ஜல்லியையும் பிளந்துகொண்டு போகக்கூடும். முதலாவதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் தளம் போட்டுவிட்டு ஈரச்சாக்கு போடாமல் போனவர். இரண்டாவதற்கு வடிவமைத்தவரோ, கூடுதல் மாடி ஏற்றியவரோ பதில் சொல்ல வேண்டும். விரிசலின் இரு கரைகளிலும் கரியமில வாயு எவ்வளவு ஆழம் புகுந்திருக்கிறது என்று பார்த்தால் அது பழையதா புதியதா என்பதும் பிடிபடும். போன மாதம் பக்கத்து மனையில் பைல் அடித்ததால்தான் வெடித்தது என்று வழக்குப் போட்டவரின் விரிசலுக்குள், பல வருட அழுக்கும் சுண்ணாம்புப் படிகமும் உட்கார்ந்திருந்தால் வழக்கு நிற்காது.

வரிசை தெரியாமல் தீர்ப்புச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு எட்ரிங்கைட் நல்ல உதாரணம். ஊசி ஊசியாக இருக்கும் இந்தப் படிகம் சிமெண்ட் இறுகும்போதே எல்லாக் கான்கிரீட்டிலும் உண்டாவது. ஈரத்தில் கரைந்து நகர்ந்து, காலி இடம் எங்கே கிடைத்தாலும் மறுபடி படிகமாகும். பழைய, ஈரம் பட்ட கான்கிரீட்டின் விரிசலையும் குமிழியையும் திறந்தால் இது இருக்கத்தான் செய்யும். விரிசலில் இதைக் கண்டதும் இதுதான் பிளந்தது என்று எழுதிவிடுவது, பாழடைந்த வீட்டில் வௌவாலைப் பார்த்துவிட்டு வீட்டை இடித்தது வௌவால் என்று சொல்வதற்குச் சமம்.

அதே சமயம் எட்ரிங்கைட்டே குற்றவாளியாக இருக்கும் சந்தர்ப்பமும் உண்டு. கான்கிரீட் இறுகும் காலத்தில் உள்வெப்பம் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், வழக்கமாக அப்போது உண்டாக வேண்டிய எட்ரிங்கைட் உண்டாகாமல் தள்ளிப்போகிறது. எல்லாம் இறுகியபின், ஈரம் கிடைக்கும் காலத்தில், மாதக்கணக்கில் வருடக்கணக்கில் அது பாகுக்குள்ளேயே முளைத்துப் பாகை விரியவைக்கிறது. நீராவியில் வேகவைத்த ரயில் ஸ்லீப்பர்களிலும், தன் வெப்பம் வெளியேற வழியில்லாத பெரிய பாலத் தூண்களிலும் இது பல நாடுகளில் வந்திருக்கிறது. இந்திய ரயில்வேயின் ஸ்லீப்பர்களிலும் ஆராயப்பட்டிருக்கிறது. இப்போது கேள்வி, வௌவாலையும் இடித்தவனையும் எப்படிப் பிரிப்பது என்பது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டாவைச் சூடாக்கினால் அது விரியும், அதன் நடுவிலுள்ள துவாரமும் சேர்ந்தே விரியும். பாகு முழுவதும் ஒரே சீராக விரிந்தால், விரியாத ஜல்லியைச் சுற்றி வளையம் போல இடைவெளி திறக்கும். பெரிய ஜல்லிக்கு அகலமான வளையம், சின்ன ஜல்லிக்குக் குறுகிய வளையம். இந்த விகிதம் சீவலில் தெரிந்தால் விரிந்தது பாகுதான். வளையத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கும் ஊசிகளோ, இந்தக் கேசிலும் பின்னால் குடியேறியவைதான்.

ஜல்லியே உள்ளிருந்து விரிந்தால் படம் தலைகீழாக மாறும். விரிசல் ஜல்லியின் நடுவில் அகலமாகத் தொடங்கி, பாகுக்குள் போகப்போகக் குறுகும். கலிபோர்னியாவின் நெடுஞ்சாலைத் துறையில் இருந்த தாமஸ் ஸ்டாண்டன் 1940இல் வெளியிட்ட கட்டுரைதான், முன்பு சொன்ன இந்த ஜல்லி-சிமெண்ட் வினையை அடையாளம் காட்டியது. சலினாஸ் பள்ளத்தாக்குப் பக்கம் போட்ட கான்கிரீட் சாலை சில வருடங்களிலேயே வெடித்ததை ஆராய்ந்தார். சிமெண்டிலுள்ள சோடியம், பொட்டாசியக் காரங்கள் ஜல்லியிலுள்ள ஒழுங்கற்ற சிலிக்காவைக் கரைத்துப் பசையாக்குகின்றன. அந்தப் பசை தண்ணீர் குடித்து உப்புகிறது. சிமெண்டில் காரம் 0.6 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று இன்றும் சொல்லும் வரம்பு அவர் சோதனைகளிலிருந்து வந்தது. சீவலில் இந்தப் பசை, பாத்திரத்தில் ஒட்டிக் காய்ந்த கஞ்சி போலத் துண்டு துண்டாக வெடித்துத் தெரியும். யுரேனியம் உப்புக் கரைசலைத் தடவிப் புறஊதா ஒளியில் பார்த்தால் மஞ்சள் கலந்த பச்சையாக மினுங்கும் என்று 1980களின் இறுதியில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் காட்டினார்கள். மினுங்குகிற எல்லாமே நாசக்காரப் பசை ஆகிவிடாது என்பதால், இதையும் சீவலோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இந்தியாவில் ஹிராகுட், ரிஹந்த் அணைகளில் இந்த வினை பதிவாகியிருக்கிறது. இங்கே பெரும்பாலும் மெதுவாக வேலை செய்யும் வகை. கோடிக்கணக்கான வருடங்களாக அழுந்தி முறுக்கேறிய பழம்பாறைகளில் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் அதற்குக் காரணம். ஒரே தளத்தில் மட்டும் அதிரும்படி வடிகட்டிய துருவ ஒளியில் சீவலைச் சுழற்றும்போது நல்ல குவார்ட்ஸ் ஒரே நேரத்தில் மொத்தமாக இருண்டு போகும். முறுக்கேறியது, மேகநிழல் வயலைக் கடப்பதுபோல ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் அலையாக இருளும். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 383, இத்தகைய குவார்ட்ஸ் 20 சதவீதத்துக்கு மேலும், அந்த இருள் கடக்கச் சீவலைச் சுழற்றும் கோணம் 15 டிகிரிக்கு மேலும் போனால் அந்த ஜல்லியை மெதுவினை வகையாகக் கருதித் தனிச் சோதனை கேட்கிறது. சென்னைக்காரர்களுக்கு ஒரு துணுக்கு. பல்லாவரம், பரங்கிமலைப் பாறைக்கு சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஆங்கிலேயர் ஜாப் சார்னாக்கின் அங்குள்ள கல்லறைக் கல் இந்த வகை என்பதால், டி. எச். ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893இல் அப்படிப் பெயரிட்டார். நாம் நீலக்கல் ஜல்லி என்று லோடு கணக்கில் வாங்குவதில் கணிசம் இந்தக் குடும்பம்தான். பெரும்பாலும் நல்ல ஜல்லி. ஆனால் எந்தக் குவாரியும் முழுவதும் ஒரே கல்லாக இருப்பதில்லை.

மெதுவினையின் தொல்லை, ஆரம்பச் சோதனைகளுக்குப் பிடிகொடுக்காமல் போவது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள சீப்ரூக் அணுமின் நிலையத்துக்கு ஜல்லி தேர்ந்தெடுத்தபோது அன்றைக்கு இருந்த சோதனைகளையெல்லாம் அது தாண்டியது. நிலத்தடி நீர் கசிந்த சுரங்கச் சுவர்களில் விரிசல் கண்டு கோர் எடுத்தபோது, 2009-10 வாக்கில் உள்ளே பசை இருப்பது நுண்ணோக்கியில் தெரிந்தது. கட்ட ஆரம்பித்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

த்ருவா-ரிவியேருக்குத் திரும்புவோம். அங்கே குற்றவாளியைப் பிடிப்பதில் ஒரு விசேஷச் சிரமம் இருந்தது. பைரோடைட் ஒளியை ஊடுருவவிடாது. வழக்கம்போலச் சீவலின் அடியிலிருந்து ஒளியைப் பாய்ச்சினால் வெறும் கரும்புள்ளிதான் தெரியும். அதே தோற்றத்தில் வேறு பல கனிமங்களும் உண்டு. முகத்தை நன்றாக மெருகேற்றி, மேலிருந்து ஒளி விழவைத்து, திரும்பி வரும் ஒளியில் பார்க்க வேண்டும். அப்போது பைரைட் வெளிர் மஞ்சளாகவும், பைரோடைட் சற்றே சிவந்த வெண்கல நிறமாகவும் பிரியும். இரண்டும் இரும்புக் கந்தகம்தான் என்றாலும் பைரோடைட் பல மடங்கு வேகமாகத் துருவேறக்கூடியது. ஐரோப்பியத் தரக்கட்டுப்பாடு சாதாரண ஜல்லியில் மொத்தக் கந்தகம் 1 சதவீதம் வரை அனுமதிக்கிறது. பைரோடைட் இருப்பது தெரிந்தால் வரம்பு 0.1 சதவீதமாக இறங்கிவிடும். ஆக, எந்தக் கனிமம் என்று கண்ணால் அடையாளம் காண்பதில் பத்து மடங்கு வித்தியாசம் தொங்குகிறது.

இதில் ஒரு கசப்பான திருப்பம் உண்டு. த்ருவா-ரிவியேருக்கு ஜல்லி தந்த குவாரியின் கல் கான்கிரீட்டுக்கு ஏற்றது என்று சொன்ன அறிக்கைகளும் ஒரு புவியியலாளரிடமிருந்துதான் வந்திருந்தன. 2014இல் கியூபெக் உயர் நீதிமன்றம், கல்லுக்கு நற்சான்று கொடுத்த பொறியியல் நிறுவனத்தின்மீதும் அந்தப் புவியியலாளர்மீதும் பொறுப்பின் பெரும்பங்கை, ஏறக்குறைய 70 சதவீதத்தை, சுமத்தியது. மேல்முறையீட்டிலும் 2020இல் அடிப்படையில் அது நிலைத்தது. குவாரிக்காரருக்கும் கான்கிரீட் விற்றவருக்கும் மிச்சப் பங்குதான். வழக்கில் வாதாட்டம் பெரிதும் பைரோடைட் எத்தனை சதவீதம் இருந்தால் ஆபத்து என்பதைச் சுற்றியே ஓடியது.

எல்லைக்குத் தெற்கே, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தின் வடகிழக்கிலும் இதே கனிமம். வில்லிங்டன் என்ற ஊரின் குவாரிக் கல்லில் 1983க்குப் பின் கட்டிய ஆயிரக்கணக்கான வீடுகள் சந்தேகப் பட்டியலில் இருக்கின்றன. இங்கே விரிசல் வர பத்து, இருபது வருடம் பிடித்தது, சில வீடுகளில் அதற்கு மேலும். வீட்டுக் காப்பீட்டு நிறுவனங்கள் பல கையை விரித்தன. மாநில அரசே இதற்கென உண்டாக்கிய ஒரு காப்பீட்டு அமைப்பு 2019இல் பணம் கொடுக்கத் தொடங்கியது.

நுண்ணோக்கிக்கு எல்லையும் உண்டு. ஒரு சீவல் தீப்பெட்டி அளவுதான். பெரிய பாலத்தைப் பற்றி அதை வைத்துப் பேச வேண்டுமென்றால் எந்த இடத்திலிருந்து கோர் எடுத்தோம் என்பதில்தான் பாதி வேலை. விரிசல் மோசமான இடத்தில் மட்டும் எடுத்து அனுப்பிவிட்டுக் காரணம் கேட்பவர்கள் அதிகம். அதே நாள் ஊற்றிய, வெடிக்காத இடத்திலிருந்தும் ஒன்று வேண்டும், அப்போதுதான் எது வித்தியாசம் என்று தெரியும். மழை படும் பக்கம், படாத பக்கம், மண்ணைத் தொடும் அடிப்பாகம் என்று ஈரத்தை வைத்து இடம் பிரிக்க வேண்டும். கோரை எடுத்த கையோடு பிளாஸ்டிக் தாளில் சுற்றி, எந்தப் பக்கம் மேல் என்று அம்புக்குறி போட்டு, படம் எடுத்து அனுப்ப வேண்டும். வெயிலில் ஒரு வாரம் கிடந்த கோரில் பசை சுருங்கியிருக்கும், புது விரிசல்கள் சேர்ந்திருக்கும். அம்புக்குறி இல்லாத கோரைக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் எந்த முகத்தில் மிதந்தது என்று எவ்வளவு நல்ல நுண்ணோக்கியாலும் சொல்ல முடியாது.